இரண்டாவது முறை யார் செய்து பார்த்தார்?

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றியுள்ள செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் முப்பது ஆண்டுகள் உரச் சோதனைத் திடல்களைக் கவனித்தவன் நான். குலைகளை எண்ணி, எடைபோட்டு, ஏட்டில் எழுதுவதுதான் என் வேலை. ஆராய்ச்சி முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் பொய் என்கிறார்களே? (ஓர் ஆசிரியை)

டீச்சர், அந்தப் பேச்சு ஜான் இயோனிடிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 2005இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அவர் கணக்குப் போட்டு வாதிட்டார். ஆய்வுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்து பார்க்கவில்லை. அப்படிச் செய்த முயற்சிகள் பின்னால் வந்தன. 2012இல் அம்ஜென் மருந்து நிறுவனத்தின் சோதனைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியானது: புற்றுநோய் சார்ந்த 53 முக்கிய ஆய்வுகளில் 6 மட்டுமே உறுதிப்பட்டன. 2015இல் பலர் கூடி 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூலக் கட்டுரைகளில் 97 விழுக்காடு புள்ளியியல்படி தேறியவை, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாதவை. திரும்பச் செய்தபோது தேறியது 36 விழுக்காடு. மீதி எல்லாம் பொய் என்று மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது சோதனையிலும் பிழை இருக்கலாம், சூழலும் மாறியிருக்கலாம்.

அப்படியானால் விஞ்ஞானிகள் ஏமாற்றுகிறார்களா? (லாரி ஓட்டுநர்)

சிலர் ஏமாற்றுகிறார்கள், பெரும்பாலோர் இல்லை. ஆனால் கூலி எதற்கோ, வேலையும் அதற்குத்தான் நடக்கும். ரப்பர்த் தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடைக்குக் கூலி கொடுத்த நாளில் வாளியில் தண்ணீர் சேர்த்தவர்கள் இருந்தார்கள். அதனால்தான் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்று அளக்க வேண்டியதாயிற்று. ஆராய்ச்சியில் பதவி உயர்வும் மானியமும் புதிய முடிவுக்கு, அதுவும் ‘பலன் உண்டு’ என்ற முடிவுக்கே கிடைக்கின்றன. பிறர் செய்ததைச் சரிபார்ப்பவருக்கு யார் மாலை போடுகிறார்கள்? எதற்கும் உதவாத இருபது உரக்கலவைகளைச் சோதித்தாலும், 0.05 என்ற எல்லைக்கோட்டில் (பலனே இல்லாதபோதும் இருபதில் ஒன்று தற்செயலாகத் தேறும் அளவு) சராசரியாக ஒன்று தேறிவிடும். அந்த ஒன்று அச்சாகும், பத்தொன்பது அலமாரியில் கிடக்கும். இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வேதனை.

தினமும் காப்பி குடித்தால் இதயத்துக்கு நல்லதாம், உண்மையா?

ஒரே ஆய்வை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இரண்டாவது முறை யார் செய்து பார்த்தார் என்று கேளுங்கள்.

பாகற்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது, அம்மா. நான் மருத்துவன் அல்லன். கிளினிக்கில் கேளுங்கள், அதுவரை மாத்திரையை விடாதீர்கள்.

என் பிளாக்கில் இலைவழி உரம் தெளித்தேன். ஆறே மாதத்தில் குலை கூடியது. கண்ணால் கண்டதற்கும் ஆய்வு வேண்டுமா? (ஓய்வுபெற்ற மண்டோர், அதாவது தோட்ட மேற்பார்வையாளர்)

அண்ணே, எந்தப் பிளாக்கில் தெளித்தீர்கள்? விளைச்சல் மிகவும் விழுந்திருந்ததில்தானே? மிகவும் விழுந்தது ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த பருவத்தில் ஓரளவு எழும். இன்னொன்று: செம்பனையில் ஒரு பூங்கொத்து ஆணாவதும் பெண்ணாவதும் (பெண்தான் குலையாகும்) குலை வெட்டுவதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நீங்கள் ஆறு மாதத்தில் கண்ட கூடுதல் குலைகள், பெரும்பாலும் நீங்கள் தெளிப்பதற்கு முன் பெய்த மழையின் வரவு.

மரத்தோடு வாழ்ந்தவனைப் பொய்யன் என்கிறீர்களா? (அதே மண்டோர்)

ஒருபோதும் இல்லை, அண்ணே. பார்த்தவர் கண்ணிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் செம்பனைப் பூவுக்குக் கையால் மகரந்தம் தூவினார்கள். கேமரூனில் அந்தப் பூக்களில் கூன்வண்டுகள் மொய்ப்பதைக் கண்டு, அவைதாம் மகரந்தம் சுமக்கின்றனவா, வேறு பயிரைத் தின்றுவிடுமா என்றெல்லாம் சோதித்த பிறகே 1981இல் அவற்றை இங்கே கொண்டுவந்து விட்டார்கள். கையால் தூவும் வேலை ஒழிந்தது. கண்டதோடு நின்றிருந்தால் அது வெறும் கதை.

உங்கள் பிளாக்கைத் துண்டுகளாகப் பிரியுங்கள். எதில் தெளிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள், நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. இடையில் காவல் நிரைகளை, அதாவது ஒரு துண்டின் உரம் அடுத்ததைப் பாதிக்காமலிருக்க, கணக்கில் சேர்க்காத மர வரிசைகளை விடுங்கள். எது தெளித்த துண்டு என்று தெரியாதவர் எடை போடட்டும். மூன்று ஆண்டுகள் பொறுங்கள்.

மண்டோர் சொல்வதே சரி. அதிகாரிகளின் ஏடு மட்டும் சுத்தமா? (முன்னாள் கிராணி, அதாவது தோட்ட எழுத்தர்)

இல்லை, ஐயா. என் ஏடே சுத்தமில்லை. ஒருமுறை வெள்ளம் நின்ற நிரையைக் கணக்கிலிருந்து நீக்கினேன். காரணம் நியாயமானதுதான். ஆனால் எடையைப் பார்த்த பிறகு நீக்கினேன். எடை நன்றாக இருந்திருந்தால் அந்த வெள்ளம் என் கண்ணில் பட்டிருக்குமா? இன்றுவரை என்னை உறுத்துகிறது. எதை அளப்போம், எதை நீக்குவோம் என்று முன்கூட்டியே எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

காப்பியைப் பற்றி மறுபடியும்…

மேலே பதில் இருக்கிறது.

என் அறிவியல் திட்டத்தில் சாம்பல் போட்ட செடிக்கும் போடாத செடிக்கும் வித்தியாசமே வரவில்லை. எண்களைச் சற்று மாற்றலாமா? (படிவம் 6, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு மாணவி)

மாற்றாதே, மகளே. ‘வித்தியாசம் தெரியவில்லை’ என்பதும் ஒரு முடிவுதான். முடிவு தெரியுமுன்பே திட்டத்தைப் படித்து, நன்றாயிருந்தால் எந்த முடிவு வந்தாலும் வெளியிடுகிறோம் என்று ஒப்புக்கொள்ளும் ஆய்விதழ்கள் இப்போது இருக்கின்றன. இதை உன் ஆசிரியரிடம் சொல். எத்தனை செடிகள் வைத்தாய்? மூன்றோ நான்கோ என்றால், உண்மையான வித்தியாசம் இருந்தாலும் கண்ணில் படாது. ஏட்டில் எதையும் அழிக்காமல் அப்படியே அனுப்பு. இந்த வாரமே படித்துவிடுகிறேன்.