ஒரே பில் நம்பரில் இரண்டு பில்: வியாபாரத் தரவு கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, 'எக்செல் திறக்கவே மாட்டேன் என்கிறது' ரகம். ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூரில் மளிகைக் கடை. தினம் 400 பில் போடுகிறோம். ஒன்றரை வருடக் கணக்கு ஒரே எக்செல் ஃபைலில் இருக்கிறது. திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். ரேம் கூட்டினால் சரியாகுமா?

கொஞ்சம் வேகம் வரும். ஆனால் உங்கள் சிக்கல் வேகம் மட்டுமில்லை. பில்லுக்கு ஐந்து பொருள் என்றால் தினம் 2,000 வரி (ரோ), வருடம் 300 நாள் என்று வைத்தால் 6 லட்சம் வரி. இப்போதே 9 லட்சத்தில் இருக்கிறீர்கள். எக்செல் ஷீட் ஒன்றில் 10,48,576 வரிக்கு மேல் கொள்ளாது. இன்னும் மூன்று மாதம் தாங்காது.

நிரம்பினால் என்ன ஆகும்? வரம்பைத் தாண்டிய சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) திறந்தால், முழுதாக ஏற்றவில்லை என்று எக்செல் எச்சரிக்கும். படிக்காமல் ஓகே தட்டி, அப்படியே சேவ் செய்தால் மிச்ச வரிகள் போனதுதான். 2020-இல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 16,000 கொரோனா முடிவுகள் சில நாள் கணக்கில் வராமல் போனதும் இந்த மாதிரிதான். அங்கே பயன்படுத்தியது பழைய எக்ஸ்எல்எஸ் வடிவம், அதில் 65,536 வரிதான் அடங்கும். அரசாங்கத்துக்கே அந்தக் கதி.

விற்பனை வரிகளை டேட்டாபேஸுக்கு, அதாவது நிறைய வரிகளைச் சேமித்துத் தேடித் தரும் மென்பொருளுக்கு, மாற்றுங்கள். ஒரே கம்ப்யூட்டர் என்றால் எஸ்கியூலைட் போதும். இலவசம், எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கும். நான்கு கவுண்டரில் ஒரே சமயத்தில் பதிவு நடக்கிறதென்றால் போஸ்ட்கிரஸ் அல்லது மைஎஸ்கியூஎல். தேதிக்கும் பொருள் குறியீட்டுக்கும் இண்டெக்ஸ் போடச் சொல்லுங்கள். பழைய பேரேட்டின் முதல் பக்கங்களில் எந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் என்று எழுதி வைப்பார்களே, அதுதான் இண்டெக்ஸ். அப்புறம் எக்செல்லை ரிப்போர்ட் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றும்போது பொருள் குறியீடுகளை எண்ணாக அல்ல, எழுத்தாகச் சேமியுங்கள். எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்ஜியத்தை எக்செல் விழுங்கிவிடும்.

புதுச்சேரி நேரு வீதியில் ஜவுளிக்கடை, கடலூரில் கிளை. இரண்டு கணக்கையும் சேர்த்து டூப்ளிகேட்டை நீக்கினோம். மொத்த விற்பனையில் 3 லட்ச ரூபாய் குறைகிறது.

எதை வைத்து நீக்கினீர்கள்? பில் நம்பரை வைத்துத்தானே? இரண்டு கடையிலும் 417 என்று ஒரு பில் இருந்திருக்கும். போன வருடமும் ஒரு 417 இருந்திருக்கும், ஏப்ரல் 1 அன்று வரிசை புதிதாகத் தொடங்குமே. ஜிஎஸ்டி விதிப்படி பில் நம்பர் ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வராமல் இருந்தால் போதும். எனவே கிளை, நிதியாண்டு, நம்பர் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு பில்லுக்கு அடையாளம். மூல ஃபைல்களை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இனிமேல் மூல ஃபைலில் யாரும் கை வைக்கக் கூடாது, நகலில்தான் வேலை.

மொத்த வியாபார வாடிக்கையாளர்களைச் சேர்க்கும்போது பெயரை நம்பாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணைப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33 என்றும் புதுச்சேரிப் பதிவு 34 என்றும் தொடங்கும். அடுத்த பத்து எழுத்தும் பான் எண். இரண்டு பக்கமும் பதிவு வைத்திருக்கும் ஆளை அந்தப் பத்தை வைத்துப் பிடித்துவிடலாம்.

ஊர்ப் பெயரைக் கையால் தட்ட விடாதீர்கள். பாண்டி, பாண்டிச்சேரி, புதுவை, புதுச்சேரி என்று ரிப்போர்ட்டில் நான்கு ஊராக நிற்கும். பட்டியலிலிருந்து தேர்வு செய்யட்டும். பின்கோடை வைத்து மாநிலத்தையும் ஊகிக்க வேண்டாம். 605 என்றாலே புதுச்சேரி என்று எழுதிய ஒரு புரோகிராமை நானே திருத்தியிருக்கிறேன். விழுப்புரம் 605602, அது தமிழ்நாடு. மாஹே 673310, அது புதுச்சேரி. இதில் தப்பினால் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்பதற்கான வரி) கணக்கே புரண்டுவிடும்.

ஹடூப் போட்டே ஆக வேண்டும் என்கிறார் ஒரு கன்சல்டன்ட். எங்கள் தரவு மொத்தம் 40 ஜிபி.

வேண்டாம். ஹடூப், ஒரே கம்ப்யூட்டரில் அடங்காத தரவைப் பல கம்ப்யூட்டரில் பிரித்து வைப்பதற்கு. 40 ஜிபி ஒரு பென் டிரைவில் அடங்கும்.

கடலூர் ஓ.டி.யில் (பழைய நகரம்) குடோன். தினமும் ஹார்டு டிஸ்கில் பேக்கப் எடுத்து புதுச்சேரி ஆபீஸில் வைக்கிறோம். போதுமா?

பழக்கம் நல்லது, இடம்தான் சரியில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தது எங்கே? கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் வந்ததும் இதே கரைக்குத்தான். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தை நம் கடற்கரையில் 'வேறு ஊர்' என்று கணக்கில் எடுக்க முடியாது. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வெளியூரில் என்பது பழைய விதி. அந்த வெளியூர் நகலை சேலத்திலோ கோவையிலோ வையுங்கள், அல்லது கிளவுடில் ஏற்றுங்கள்.

ஆனால் கிளவுடில் தானாக சிங்க் ஆகும் ஃபோல்டரை மட்டும் பேக்கப் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அப்புறம், எடுத்த பேக்கப்பை என்றாவது திறந்து பார்த்திருக்கிறீர்களா? மாதம் ஒரு முறை வேறு கம்ப்யூட்டரில் ஏற்றி, நேற்றைய விற்பனைத் தொகை வருகிறதா என்று பாருங்கள்.

பழைய கணக்கை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

ஜிஎஸ்டிக்கு, ஆண்டு ரிட்டர்ன் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். 2022–23 கணக்கென்றால் 2029 டிசம்பர் 31 வரை. மேல்முறையீடு நடந்தால் இன்னும் நீளும். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் 8 ஆண்டு.

பாமினி எழுத்துருவில் 15 வருட வாடிக்கையாளர் பட்டியல். புது சாஃப்ட்வேரில் ஏற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.

பாமினி, ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டது போலத்தான். ஃபான்ட் இல்லையென்றால் முகமூடி கழன்றுவிடும். எல்லா கம்ப்யூட்டரும் தமிழாகவே படிக்கும் யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய நெடுவரிசையை அப்படியே விட்டு, பக்கத்தில் புது நெடுவரிசையாக மாற்றிய பெயரைப் போடுங்கள். சரிபார்க்கும் வேலைக்குப் புதுப் பையனை உட்கார வைக்காதீர்கள். கணக்குப்பிள்ளையையே கூப்பிடுங்கள். பட்டியலில் ஆறு முருகன் இருந்தால், எந்த முருகன் பாக்கி வைத்தவர் என்று அவருக்குத்தான் தெரியும்.