எங்கே எழுதியிருக்கிறது?

அன்புள்ள ஐயா,

தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். சட்டம் படிக்கும் என் மகன் இந்த ஆண்டு மறுத்துவிட்டான். “எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது?” என்று கேட்கிறான். கோயில் குருக்களும் மழுப்பினார். மேலைநாட்டுப் படிப்பு நம் பிள்ளைகளின் பக்தியை அரித்துவிட்டது என்கிறேன். சரிதானே?

வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகனின் கேள்வி மேலைநாட்டுச் சாயல் கொண்டதுதான். ஆனால் அவன் நினைக்கும் அளவுக்குப் புதிது அல்ல. நூலில் இருப்பதே சமயம், மற்றதெல்லாம் வெறும் சடங்கு என்று ஐரோப்பாவில் கிறித்தவச் சீர்திருத்தவாதி லூதர் காலத்திலேயே வாதிட்டுவிட்டார்கள். நம்மவர்களும் அதே அளவுகோலைக் கையில் எடுத்தார்கள். ஆரிய சமாஜத்தைச் சேர்ந்த பாய் பரமானந்த் 1905-இலும் சுவாமி சங்கரானந்த் 1908-இலும் இங்கே தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்து வேத சமயம் பரப்பினார்கள். அந்தச் சமாஜம் உருவ வழிபாட்டையே ஏற்காதது. கரும்புத் தோட்டத்து மாரியம்மனும் தீமிதியும் அங்கே எந்த மூலையில் நிற்கும்? ஆகவே பழியை முழுக்கப் பல்கலைக்கழகத்தின் தலையில் கட்டாதீர்கள்.

மேற்கு ஒரே குரலில் பேசுவதும் இல்லை. 1913-இல் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் அளித்த தீர்ப்பால், கிறித்தவ முறைப்படி நடக்காத நம் திருமணங்கள் செல்லாதவை ஆயின. அதை எதிர்த்த போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, விடுதலையான சில நாள்களில் இறந்தார். அதுவும் மேலைநாட்டுச் சட்டம்தான்.

2007-இல் வந்த மூக்குத்தி வழக்கையும் பாருங்கள். டர்பன் பள்ளி ஒன்றில் ஒரு தமிழ் மாணவி மூக்குத்தி அணிந்து வந்தாள். மகள் பருவமடையும்போது மூக்குத்தி அணிவிப்பது எங்கள் வழக்கம் என்றார் தாய். சமயம் அதைக் கட்டாயமாக்கவில்லையே, பிறகு எதற்கு நகை விதியிலிருந்து விலக்கு என்பது பள்ளியின் வாதம். உங்கள் மகன் கேட்பதும் ஏறக்குறைய இதுதான்! அரசியல் சட்ட நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி பயஸ் லங்கா அந்த வாதத்தை ஏற்கவில்லை. மூக்குத்தி கட்டாயம் அல்ல என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் ஒருவர் தாமே விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கமும் கட்டாயமானதைப் போலவே பாதுகாக்கத் தக்கது என்றார். சமயம் எங்கே முடிகிறது, பண்பாடு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்கவும் அவர் முனையவில்லை. நம் சீர்திருத்தக்காரர்கள் தராத இடத்தை, மேலைநாட்டு உரிமைச் சிந்தனையில் ஊறிய ஒரு நீதிமன்றம் பாட்டிமார் வழக்கத்துக்குத் தந்தது. எனக்கு இதில் கொஞ்சம் குறும்பான மகிழ்ச்சி உண்டு.

எனவே குருக்களை நச்சரிக்க வேண்டாம். சுலோகம் கிடைத்தால்தான் காவடி தூக்கலாம் என்று நீங்களே ஒப்புக்கொண்டால் பாதித் தோல்வி அங்கேயே நேர்ந்துவிடும். மகனிடம் அந்தத் தீர்ப்பைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒன்று: விரும்பிச் செய்வது என்பதுதான் காவடிக்குக் காப்பு என்றால், அவன் விரும்பாமல் விலகுவதற்கும் அதுவே காப்பு. சமயச் சுதந்திரம் தரும் நம் அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு உங்களுக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. அடுத்த தைப்பூசத்துக்கு அவனை அழைக்கலாம், அதட்ட முடியாது.