பிரேக் குளிர்விக்கும் குழாயை வீட்டிலேயே செய்யலாமா?

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என்னிடம் மனுவல் கியர் கொண்ட பழைய ஹொண்டா சிவிக் கார் இருக்கிறது. களுத்துறை கட்டுகுருந்த ஓடுபாதையில் சில சுற்றுகள் வேகமாக ஓடியதும் பிரேக் பெடல் மென்மையாகித் தரை வரை இறங்குகிறது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போதும் முன் சில்லுகளில் கருகிய வாடை வருகிறது. பம்பரிலிருந்து பீ.வி.சி. குழாய் இழுத்து டிஸ்குக்குக் காற்று விட்டால் இரண்டும் தீருமா?"

ஓடுபாதைப் பிரச்சினைக்குக் குழாய் உதவும், ஆனால் அது முதல் வேலை அல்ல, மலையிறக்கத்துக்கு அது ஏறக்குறைய பயனற்றது, பீ.வி.சி. குழாய் இரண்டுக்குமே ஆகாது.

பெடல் கல்லைப் போல் இறுகியிருந்தும் கார் நிற்க மறுத்தால், சில்லோடு சுழலும் டிஸ்கை இறுக்கிப் பிடிக்கும் பேட்கள் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டன என்று கொள்ளலாம். உங்களுடைய பெடலோ மென்மையாகித் தரைக்குப் போகிறது. இது பெரும்பாலும் பேட்களை டிஸ்கில் அழுத்தும் கலிப்பருக்குள் பிரேக் ஒயில் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாவதன் அறிகுறி. பிரேக் ஒயில்களின் தரத்தை 'டொட்' எண்ணால் குறிப்பார்கள். டொட் 3 ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ், டொட் 4 ஒயிலுக்கு 230 பாகை. ஈரத்தை உறிஞ்சிய பின்னர் இவற்றுக்கு விதிக்கப்பட்ட கீழ்வரம்புகள் முறையே 140, 155 பாகைகள் மாத்திரமே. கொழும்பின் கடற்கரையோர ஈரக்காற்றில் ஆண்டுக்கணக்காக மாற்றப்படாத ஒயிலோடு ஓடுபாதைக்குப் போனால், எத்தனை குழாய் பூட்டினாலும் பெடல் இறங்கத்தான் செய்யும். ஆகவே முதலில் புதிய டொட் 4 அல்லது டொட் 5.1 ஒயிலை நிரப்பி, நான்கு சில்லுகளிலும் காற்றெடுத்து, கசிவு ஏதும் இல்லை என்பதையும் கலிப்பர் பிஸ்டன்கள் இறுகாமல் நகர்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டொட் 5 என்பது சிலிக்கன் ஒயில். எண் நெருங்கியிருக்கிறது என்பதற்காக அதை இவற்றோடு கலந்துவிடக் கூடாது.

மலையிறக்கத்தின் கணக்கு வேறு. 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் நுவரெலியாவிலிருந்து கம்பளைக்கு வரும்போது ஏறத்தாழ 1,300 மீற்றர் கீழிறங்குகிறது. அதில் வெளிப்படும் சக்தி, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் அதே காரை முப்பது தடவைக்கு மேல் முழுமையாக நிறுத்துவதற்குச் சமம். ஆனால் குழாய்க்குள் காற்றைத் தள்ளும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவே கூடுகிறது: 120 கிலோமீற்றர் வேகத்தில் கிடைப்பதில் பதினாறில் ஒரு பங்குதான் 30 கிலோமீற்றர் வேகத்தில் கிடைக்கும். றம்பொடை வளைவுகளில் உங்கள் வேகம் அவ்வளவுதான். அங்கே இரண்டாம் கியரில் என்ஜினே காரைப் பிடித்துக்கொள்ளட்டும். பிரேக்கைத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டிராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, பின்னர் விட்டுவிடுங்கள்.

இனிக் குழாய். பீ.வி.சி. 80 பாகை அளவிலேயே தளர்ந்துவிடும். ஓடுபாதையில் டிஸ்க் அதைப் போல் பல மடங்கு சூடாகும். சமையலறைப் புகைக்குப் பயன்படும் அலுமினியத் தாள் குழாய் வெப்பத்தைத் தாங்கினாலும், சஸ்பென்ஷனின் அசைவில் விரைவில் கிழிந்துவிடும். தேவைப்படுவது, உள்ளே கம்பிச்சுருள் கொண்ட, சிலிக்கன் பூசிய கண்ணாடியிழைக் குழாய். ஒரு பக்கத்துக்கு 75 மில்லிமீற்றர், அதாவது மூன்று அங்குல விட்டம் போதும். பஞ்சிகாவத்தையில் கிடைக்கிற அழகுக்கான பம்பர் துவாரங்களில் பல பின்புறம் அடைபட்டவை என்பதை வாங்கும் முன்னர் திருப்பிப் பாருங்கள். காற்றழுத்தம் அதிகமாக இருப்பது காரின் நேர்முகத்தில், இலக்கத் தகட்டுக்கு இருபுறமும். பனி விளக்கு இல்லாத கார்களில் அந்த விளக்குக்கான இடம் நன்றாகப் பொருந்தும். குழாயின் முன்வாயில் ஐந்தாறு மில்லிமீற்றர் கண்ணுள்ள வலையொன்றை வையுங்கள். ஓடுபாதையில் சிறு கற்களும் எங்கும் பொலித்தீனும் வந்து சேரும்.

குழாயின் மறுமுனை எங்கே முடிகிறது என்பதில்தான் வீட்டில் செய்யும் வேலைகள் பெரும்பாலும் கெட்டுப்போகின்றன. டிஸ்கின் ஒரு முகத்தில் காற்றை நேரே ஊதினால், ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகவே இருக்க, டிஸ்க் நெளியவோ அதில் வெடிப்பு விழவோ கூடும். இரு தகடுகளுக்கிடையே காற்றுப்பாதை உள்ள டிஸ்க், சுழலும்போது நடுவிலிருந்து காற்றை இழுத்து விளிம்பால் வெளியே தள்ளுகிறது; நாம் செய்யவேண்டியது அந்த நடுப்பகுதிக்கு, அதாவது சில்லு பூட்டப்படும் ஹப்புக்கு அருகில், உட்புறத்திலிருந்து காற்றைக் கொடுப்பது மட்டுமே. இதற்காகச் சிலர் டிஸ்கின் பின்னாலுள்ள தூசு மறைப்புத் தகட்டையே கழற்றி எறிகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஏனெனில் சில்லைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் மூட்டான போல் ஜொயின்டின் இறப்பரை டிஸ்கின் வெப்பத்திலிருந்து காப்பதும் அந்தத் தகடுதான். தகட்டைக் கழற்றி, ஹப்பை ஒட்டிய பகுதியில் அட்டையால் அச்செடுத்து, துளையை வெட்டி, ஒரு மில்லிமீற்றர் உருக்குத் தகட்டில் செய்த வாயை றிவெட் அடித்துப் பொருத்தி, தகட்டைத் திரும்பவும் பூட்டுங்கள். வாய் வட்டமாக இருக்கவேண்டியதில்லை. சில்லின் வேகத்தை அறியும் ஏபிஎஸ் சென்சரின் வயரும் பிரேக் ஹோசும் விலகி நிற்க இடம் வேண்டுமானால் நீள்வட்டமாக நசுக்கலாம், பரப்பளவை மட்டும் அதிகம் குறைத்துவிடாதீர்கள். டிஸ்கில் காற்றுப்பாதை இல்லாவிட்டால் இந்த முயற்சியால் கிடைக்கும் பலன் குறைவு. முதலில் பேட்களை மாற்றுவதே நல்லது.

குழாயைக் கூரிய வளைவின்றிக் கொண்டுபோய், இரு முனைகளிலும் ஹோஸ் கிளிப்பாலும் நடுவில் அசையாத உடற்பகுதியோடும் கட்டுங்கள். பின்னர் குழாயின் மேல் வெண்கட்டியைத் தாராளமாகத் தேய்த்துவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து, காரில் ஆட்களை ஏற்றி வேகத்தடையொன்றின் மேல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். டயரில் வெள்ளைக் கீறல் விழுந்தால் அந்த இடத்தில் உராய்கிறது. இதைச் சரிசெய்யாமல் ஓடுபாதைக்குப் போகாதீர்கள். அறுந்த குழாய் சில்லில் சுற்றிக்கொண்டால் பிரேக் ஹோசையும் இழுத்து அறுக்கக்கூடும்.

பலனை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். பூட்டுவதற்கு முன்னரும் பின்னரும் ஒரே எண்ணிக்கைச் சுற்றுகள் ஓடி, நின்றவுடன் இரு டிஸ்குகளையும் அகச்சிவப்பு வெப்பமானியால் ஒரே இடத்தில் பாருங்கள். பளபளக்கும் உலோகத்தில் அக்கருவி காட்டும் எண் துல்லியமாக இராது, ஆயினும் ஒப்பீட்டுக்கு உதவும். இடமும் வலமும் பெரிதாக வேறுபட்டால் ஒரு குழாய் நசுங்கியிருக்கிறது அல்லது ஒரு கலிப்பர் இறுகியிருக்கிறது.

அன்றாடப் பாவனையின்போது பம்பரிலுள்ள இரு வாய்களையும் மூடிவைக்க, திருகாணியால் பூட்டும் மறைப்புத் தகடுகளைச் செய்துகொள்ளுங்கள். மழையில் வெள்ளவத்தையின் குறுக்கு வீதிகளில் தேங்கும் நீர், திறந்த குழாய் வழியே சூடான டிஸ்குக்கு நேராகப் போய்ச்சேரும்.