நான்கு லாக் நட்டு, ஒரே ஒரு சாவி

வாசகர் கேள்வி: கரூரில் இருக்கிறேன். 2020 மாடல் டொயோட்டா கிளான்ஸா கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஒவ்வொரு சக்கரத்திலும் நான்கு நட்டில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. அதன் தலையில் பூக்கோலம் போல ஒரு பள்ளம். அதைக் கழற்ற ஒரு தனிச் சாவியும் கொடுத்தார்கள். டயர் கடைக்காரர், "இதைக் கழற்றிப் போட்டுட்டு சாதா நட்டு மாட்டுங்க சார்" என்கிறார். என் மைத்துனரோ, "அலாய் வீல் ஒரே ராத்திரியில் போய்விடும், கை வைக்காதீர்கள் மாமா" என்கிறார். கார் வீட்டுக் காம்பவுண்டுக்குள்தான் நிற்கும். மாதம் ஒருமுறை குடும்பத்தோடு இரவில் கிளம்பிச் சென்னைக்குப் போய் வருவோம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் விஷயத்தில் டயர் கடைக்காரர் சொல்வதைக் கேளுங்கள். கழற்றிவிடலாம். மைத்துனர் சொல்வதும் தவறில்லை. தெருவில் கார் நிறுத்துகிற ஒருவருக்கு நானும் அதையேதான் சொல்வேன். சக்கரத் திருட்டைத் தடுக்கப் போடும் இந்த லாக் நட்டு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. கார் ராத்திரி எங்கே நிற்கிறது, சாவி எங்கே இருக்கிறது என்ற இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். முதல் கேள்விக்கு உங்களிடம் நல்ல பதில் இருக்கிறது. இரண்டாவதில்தான் எனக்குக் கவலை.

இந்த நட்டு வேலை செய்கிற விதம் எளிமையானது. சாதா நட்டுக்கு ஆறு முகம் இருப்பதால் எந்த வீல் ஸ்பேனரும் பிடிக்கும். லாக் நட்டின் வெளிப்புறம் வழவழப்பான உருளை. அதன் தலையில் இருக்கும் பள்ளத்துக்குப் பொருந்தும் சாவியை முதலில் செருகி, சாவியின் மறுமுனையில் ஸ்பேனரை மாட்டித் திருப்ப வேண்டும். ஒரு சக்கரத்துக்கு ஒரு நட்டுதான் இப்படி இருக்கும். சாவி நான்கு சக்கரத்துக்கும் ஒன்றே.

திருடனை இது எவ்வளவு தூரம் தடுக்கும் என்பது நட்டின் தரத்தைப் பொறுத்தது. நல்ல நட்டுகளில் மேல்தோலைக் கடினமாக்கியிருப்பார்கள். துளைபோடும் பிட் அதில் வழுக்கும். அதைவிட உயர்ந்த ரகத்தில் உருளையைச் சுற்றி ஒரு தளர்வான வளையம் இருக்கும். வெளியிலிருந்து எதை வைத்துப் பிடித்தாலும் அந்த வளையம் மட்டும் சும்மா சுற்றும், உள்ளே நட்டு அசையாது. மலிவான ரகத்தில் இந்த இரண்டும் இருக்காது. கொஞ்சம் சிறிய சாக்கெட்டைச் சுத்தியால் தட்டி ஏற்றிவிட்டால், ஓரிரு நிமிடத்தில் நட்டு கையோடு வந்துவிடும். இன்னும் ஒரு ரகம் உண்டு. அதன் வெளிப்பக்கம் பல்சக்கரம் போல நேர்க்கோட்டுப் பற்கள் இருக்கும். அதற்கான சாவி சில அளவுகளில் பொதுவாகவே கடைகளில் விற்கிறது. அதைப் பூட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்களுடையது தலையில் பள்ளம் உள்ள ரகம் என்பதால் அதைவிட மேல். வளையம் இருக்கிறதா என்று விரலால் சுற்றிப் பாருங்கள்.

ஆனாலும் ஒன்றை மனதில் வையுங்கள். சாவி தொலைந்த காரில் லாக் நட்டைக் கழற்ற மெக்கானிக் எந்தக் கருவிகளை வைத்திருக்கிறாரோ, அதே கருவிகளைத் திருடனும் வாங்க முடியும். அவசரத்தில் வந்து, கையில் ஒரு ஸ்பேனரும் ஜாக்கியும் மட்டும் வைத்திருப்பவனை லாக் நட்டு திருப்பி அனுப்பிவிடும். தயாராக வந்தவனைச் சில நிமிடங்கள் தாமதப்படுத்தும். தெருவிளக்கும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்தில் அந்தச் சில நிமிடங்களுக்குப் பெரிய மதிப்பு உண்டு. பூட்டிய கேட்டுக்குள் நிற்கும் காருக்கு அதனால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான்.

இனி மறுபக்கம். என் அனுபவத்தில் திருட்டை விட அதிகமாக நான் பார்த்தது சாவி தொலைந்த கதைகளைத்தான். பெரும்பாலும் அது தொலைவது டயர் கடையில். அலைன்மென்ட், பேலன்சிங், டயர் ரொட்டேஷன் என்று எதற்காவது சக்கரத்தைக் கழற்றுவார்கள். கடைசி நட்டை முடுக்கியதும் சாவி ஸ்பேனருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும், அல்லது கடையின் டூல் டிரேயில் விழுந்துவிடும். காரை எடுக்கிறவர் பில்லைப் பார்ப்பார், காற்றைப் பார்ப்பார், சாவியைப் பார்க்க மாட்டார். அடுத்த பஞ்சர் வரைக்கும் அது தெரியவும் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் இரவு பதினொரு மணிக்கு எனக்கு ஒரு போன் வந்தது. உளுந்தூர்பேட்டை தாண்டி நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு குடும்பம். பின்டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, மூன்று நட்டும் கழன்றுவிட்டது. நான்காவதுக்குச் சாவி இல்லை. உதவிக்கு வந்த பஞ்சர் கடைப் பையனும் முயன்று பார்த்துக் கைவிட்டுவிட்டான். கடைசியில் லாரியில் ஏற்றித்தான் காரைக் கொண்டுபோனார்கள். சாவி இருந்த இடம் மறுநாள் தெரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன் டயர் மாற்றிய கடையின் அலமாரியில் அது பத்திரமாக இருந்தது. கைக்குழந்தையோடு அந்தத் தாய் லாரி வரும்வரை சாலையோரம் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் மனது கஷ்டப்படுகிறது. இரவில் குடும்பத்தோடு போகிறோம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் போன்தான்.

இதில் ஆறுதலான செய்தியும் உண்டு. உங்கள் டயர் டியூப்லெஸ். டயரின் தரையைத் தொடும் பகுதியில் ஆணி குத்தினால் சக்கரத்தைக் கழற்றாமலேயே ஸ்ட்ரிப் வைத்து அடைத்துவிடலாம். முன்சக்கரம் என்றால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வைத்தால் கை வைக்க இடம் கிடைக்கும். ஆகவே லாக் நட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பஞ்சர் கிட்டும், 12 வோல்ட் காற்றடிக்கும் பம்பும் காரில் இருக்கட்டும். சக்கரத்தைக் கழற்றியே தீர வேண்டிய நிலை, டயரின் பக்கவாட்டில் வெட்டு விழும்போதும் குழியில் அடித்து ரிம் வளையும்போதும்தான் வரும். அந்த நேரத்தில் சாவி இல்லையென்றால் ஸ்டெப்னியும் இல்லாதது போலத்தான்.

சாவி தொலையாமல் உடைவதும் உண்டு. அதற்குக் காரணம் ஏர் கன், அதாவது காற்றழுத்தத்தில் நட்டைத் திருப்பும் கருவி. உங்கள் அளவு கார்களின் வீல் நட்டுக்குத் தேவையான முறுக்கு பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். டயர் கடை ஏர் கன் அதைப்போலப் பல மடங்கு முறுக்கை, அதுவும் சம்மட்டி அடி போல அடித்து அடித்துக் கொடுக்கும். ஆறுமுக நட்டு அதைத் தாங்கிக்கொள்ளும். சாவியின் மெல்லிய பற்கள் தாங்காது. ஒன்று பல் முறியும், அல்லது பள்ளத்தின் விளிம்பு தேய்ந்து அடுத்த முறை வழுக்கும். லாக் நட்டில் ஏர் கன் வைக்கவே கூடாது. பல தயாரிப்பாளர்கள் பெட்டியிலேயே அப்படி எச்சரிக்கிறார்கள்.

கழற்றும் வரிசைக்கும் ஒரு காரணம் உண்டு. எல்லா நட்டும் இறுக்கமாக இருக்கும்போதே லாக் நட்டை முதலில் தளர்த்துங்கள், மாட்டும்போது கடைசியாக முடுக்குங்கள். மற்ற மூன்றையும் முதலில் கழற்றினால் சக்கரத்தின் இழுப்பு முழுவதும் அந்த ஒற்றை நட்டின் மேல் விழும். அப்போது சாவி படும் பாடு அதிகம். இந்த ஒரு பழக்கத்தாலேயே பல சாவிகள் பிழைத்திருக்கின்றன.

லாக் நட்டால் பேலன்சிங் கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். சில கிராம் எடை வித்தியாசம் இருக்கலாம். ஆனால் அது சக்கரத்தின் மையத்துக்கு அருகில் இருப்பதால் உங்களுக்கு உணரவே தெரியாது. அதற்காகக் கழற்ற வேண்டாம்.

யாருக்கு லாக் நட்டு வேண்டும்? தெருவோரத்தில் இரவு முழுக்க காரை விடுகிறவர்களுக்கு. காவலாளி இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்த பார்க்கிங்கில் நிறுத்துகிறவர்களுக்கு. ரயில் நிலையம், விமான நிலையம் என்று நாள்கணக்கில் விட்டுப் போகிறவர்களுக்கு. வெளியில் வாங்கிய விலை உயர்ந்த அலாய் போட்டவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். அந்த அலாயைத் தனியாக அறிவித்து பிரீமியம் கட்டியிருந்தால்தான் இன்ஷூரன்ஸில் அதற்குப் பணம் கேட்க முடியும். காரோடு வந்த அலாய் பாலிசிக்குள் அடங்கும் என்றாலும், ஒரு கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். ஐந்து வருடம் கிளெய்மே இல்லாமல் சேர்த்த 50 சதவீதத் தள்ளுபடி அப்படியே பூஜ்யத்துக்கு வரும். இரும்பு ரிம்மும் பிளாஸ்டிக் வீல் கேப்பும் உள்ள காருக்கு லாக் நட்டு தேவையே இல்லை.

நீங்கள் எழுதாத விஷயம் ஒன்று இருக்கிறது. சென்னையில் காரை எங்கே நிறுத்துகிறீர்கள்? உறவினர் வீட்டு வாசலில், தெருவில் என்றாலும், மாதத்தில் ஓரிரு இரவுக்காக இதைச் சுமக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். வாரக்கணக்கில் நிற்கும் என்றால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றுவது என்று முடிவு செய்தால், புது நட்டு வாங்கும்போது ஒரு இடத்தில் ஏமாந்துவிடாதீர்கள். உங்கள் காரின் முன்னால் இருப்பது டொயோட்டா சின்னம். ஆனால் கிளான்ஸா அடிப்படையில் மாருதி பலேனோ. நட்டு ஏறும் மரைக் கம்பியை ஸ்டட் என்பார்கள். டொயோட்டாவின் சொந்தக் கார்கள் பலவற்றில் 12 மி.மீ. ஸ்டட்டில் மரையின் இடைவெளி 1.5 மி.மீ. சுஸுகி குடும்பத்தில் அது 1.25 மி.மீ. சின்னத்தைப் பார்த்துக் கடைக்காரர் 1.5 மரை நட்டை எடுத்துக் கொடுத்தால், அது ஓரிரு சுற்று ஏறிப் பிறகு இறுகும். "கொஞ்சம் டைட்டா இருக்கு" என்று ஸ்பேனர் போட்டு முடுக்கினால் ஸ்டட்டின் மரை போய்விடும். பிறகு ஸ்டட்டையே மாற்ற வேண்டும். சரியான நட்டு என்றால் கை விரலாலேயே கடைசி வரை ஓடும். ஒரு பழைய சாதா நட்டைக் கழற்றிக் கையில் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். ரிம்மில் உட்காரும் அடிப்பாகத்தின் வடிவமும் அந்தப் பழைய நட்டைப் போலவே இருக்க வேண்டும். சில கார்களில் அது கூம்பு, சிலவற்றில் உருண்டை, சிலவற்றில் தட்டை. வடிவம் மாறினால் நட்டு இறுகியது போலத் தெரியும், ஆனால் ஓரத்தில் மட்டும்தான் பிடித்திருக்கும். அலாய் மென்மையான உலோகம். அந்த இடம் நசுங்கி, ஓட ஓட நட்டு தளர்ந்துவிடும். நான்கு நட்டுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

முடுக்கும்போது, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. சரியான எண் காரின் மேனுவலில் இருக்கிறது. ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: கால் மீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 40 கிலோ எடை அழுத்தினால் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். 70 கிலோ ஆள் அதன் மேல் ஏறி நின்றால் 170-ஐத் தாண்டும். ஸ்டட் நீளத் தொடங்குவது இப்படித்தான். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். மேனுவலில் உள்ள எண் சுத்தமான, உலர்ந்த மரைக்கானது. வழுவழுப்பு இருந்தால் அதே எண்ணில் நட்டு அளவுக்கு மீறி இறுகிவிடும். மாட்டிய பின் ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை நான்கு சக்கரத்தையும் சரிபாருங்கள்.

கழற்றும் வரைக்கும் சாவியை கிளவ் பாக்ஸில் போடாமல் ஜாக்கி வைத்திருக்கும் டூல் பைக்குள்ளேயே வையுங்கள். சக்கரம் கழற்ற வருகிறவர் முதலில் திறப்பது அதைத்தான். சாவியிலோ கூட வந்த அட்டையிலோ ஒரு குறியீட்டு எண் இருந்தால் இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். அந்த எண் இருந்தால் பெயருள்ள தயாரிப்பாளர்களிடம் மாற்றுச் சாவி கேட்டு வாங்கலாம். எண் இல்லாத மலிவு செட்டுக்கு அந்த வழி கிடையாது.

படிக்கிற வேறு யாருக்காவது சாவி ஏற்கெனவே தொலைந்திருந்தால், முதலில் கடைசியாக டயர் வேலை செய்த கடைக்குப் போங்கள். அங்கே இல்லையென்றால், உள்ளே இடம்புரிப் பற்கள் உள்ள தனி சாக்கெட் வைத்திருக்கும் பெரிய டயர் கடையைத் தேடுங்கள். நட்டின் மேல் தட்டி ஏற்றி இடப்பக்கம் திருப்பினால் அது நட்டைக் கவ்விக்கொள்ளும். நட்டு வீணாகும், ரிம் தப்பும். வெல்டிங் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூடு அலாயின் பெயின்ட்டையும் ஸ்டட்டையும் கெடுக்கும்.

உங்கள் நான்கு லாக் நட்டையும் சாவியையும் கழற்றியதும் ஒரே பையில் போட்டு வீட்டில் வையுங்கள். நாளை சென்னைக்கே வேலை மாறி, தெருவோரத்தில் கார் நிறுத்த வேண்டி வந்தால் அரை மணி நேரத்தில் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.