இசைக்குப் புதியவர் மாடுலர் சிந்தசைசர் வாங்கலாமா?

கீபோர்டு அரைகுறையாகத்தான் வாசிப்பேன், லேப்டாப்பில் எஃப்எல் ஸ்டுடியோ வைத்துச் சின்னச் சின்ன ட்ராக் போடுகிறேன், யூடியூபில் மாடுலர் வீடியோக்களைப் பார்த்து ஆசை வந்துவிட்டது, என் இசைக்கு அது சரிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். "முதலில் ஒழுங்காகக் கீபோர்டு கற்றுக்கொள், தியரி படி, இதெல்லாம் அப்புறம்" என்று உங்களிடம் நாலு பேராவது சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள். அந்த அறிவுரை எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மாடுலர் என்பது ஒலியை உண்டாக்க, மாற்ற என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி மாட்யூல் வைத்து, அவற்றைக் கேபிளால் நாமே இணைத்து வாசிக்கும் சிந்தசைசர். நீங்கள் புதியவரா பழையவரா என்று பார்க்காதீர்கள். உங்களுக்கு என்ன மாதிரி இசை வேண்டும் என்று பாருங்கள். பல்லவி, சரணம், மெட்டுக்கு அடியில் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்), பாடகர் வந்தால் சுருதியை அரைக்கட்டை இறக்க வேண்டும், அடுத்த வாரம் ஃபைலைத் திறந்து ஒரு வரியை மாற்ற வேண்டும் என்றால் மாடுலர் வேண்டாம். சாதாரண அனலாக் ஆசிலேட்டர், அதாவது ஒலியை உண்டாக்கும் மாட்யூல், ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் தரும். மூன்று ஸ்வர கார்டு வேண்டுமென்றால் மூன்று ஆசிலேட்டர், அவற்றைத் திறந்து மூட விசிஏக்கள் (வோல்டேஜால் சிக்னலைக் கூட்டிக் குறைக்கும் மாட்யூல்கள்), எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்க்க ஒரு மிக்ஸர். (ஒரே மாட்யூலில் கார்டு தரும் டிஜிட்டல் ஆசிலேட்டர்களும் உண்டு, தெரியும். அதை வைத்து ஒரு முழுப் பாட்டுக்கு கார்டு போட்டுப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.) சேமித்து வைக்கவும் வழியில்லை. கேபிளைப் பிடுங்கினால் அந்த ஒலி போயிற்று. போட்டோ எடுத்து வைத்தாலும் குமிழ்களை அதே இடத்துக்குக் கொண்டுவர முடியாது.

ஆனால் ஒரு ஒலியைக் கேட்டதும் அதையே கேட்டுக்கொண்டிருக்கத் தோன்றும் ஆளா நீங்கள்? தம்புரா மீட்டும்போது பாட்டு தொடங்காவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்திருக்கிறீர்களா? அப்படியென்றால் முதல் நாளிலிருந்தே மாடுலர் உங்களுக்கானதுதான். கீபோர்டு தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நான் சின்ன வயதில் வீணை கற்றுப் பாதியில் விட்டவள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர் தன் மதர்-32ஐ என்னிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். மோக் நிறுவனத்தின் செமி மாடுலர் அது. உள்ளேயே இணைப்புகள் போட்டிருப்பதால் கேபிள் செருகாமலே ஒலிக்கும், செருகினால் அந்த இணைப்புகளை மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் மாட்யூல்களைப் பொருத்த ஒரு சின்ன கேஸ் வாங்கினேன். ப்ளாட்ஸ் என்ற ஆசிலேட்டர், மேத்ஸ் என்ற மாட்யூல், மெதுவாக ஏறி இறங்கும் வோல்டேஜ் தரும் ஒரு எல்எஃப்ஓ, ஒரு விசிஏ, அவ்வளவுதான்.

மாடுலரில் ஸ்வரம் என்பது ஒரு வோல்டேஜ். ஒரு வோல்ட் ஏறினால் ஒரு ஸ்தாயி ஏறும், அதாவது அடுத்தடுத்த இரண்டு ஸ்வரஸ்தானங்களுக்கு நடுவே சுமார் 83 மில்லிவோல்ட். சீக்வென்சர் (ஸ்வரங்களை வரிசையாகத் தரும் பகுதி) அனுப்பும் ஸ்வரங்கள் கீபோர்டு மாதிரியே படிப்படியாகத் தாவும். நடுவில் மேத்ஸின் ஒரு சேனலைச் செருகினேன். அது வோல்டேஜைத் தாவ விடாமல் மெதுவாக ஏற்றி இறக்கும். ரி-யிலிருந்து க-வுக்குப் போகிற வழி முழுவதும் கேட்டது. அடுத்து எல்எஃப்ஓவை ப்ளாட்ஸின் சுருதியை அசைக்கும் எஃப்எம் உள்ளீட்டுக்குக் கொடுத்தேன். எல்எஃப்ஓ பொதுவாகத் தருவது பத்து வோல்ட் வீச்சு, அப்படியே விட்டால் ஸ்வரம் பல ஸ்தாயி தாண்டி ஓடும். அதனால் அந்த உள்ளீட்டின் குமிழை மயிரிழை அளவுதான் திறக்க வேண்டும். எல்எஃப்ஓவை நேராகச் செருகாமல் விசிஏ வழியாக விட்டு, அந்த விசிஏவை மேத்ஸின் இன்னொரு சேனல் மெதுவாகத் திறக்கும்படி செய்தேன். ஸ்வரம் போய் உட்கார்ந்த பிறகு அசைவு தொடங்கியது, கொஞ்சம் கொஞ்சமாக அகலமானது.

தோடி காந்தாரத்தின் சாயல் அதில் இருந்தது. கமகம் என்று இதைச் சொன்னால் வித்வான்கள் சண்டைக்கு வருவார்கள். கமகம் என்று நான் சொல்லவில்லை. ராகம் தெரிந்தவர் கை வைத்தால்தான் அது கமகம். ஆனால் வீணை டீச்சர் தந்தியை இழுக்கும்போது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எப்போது தொடங்குவது என்று மூன்று விஷயங்களை ஒரே விரலில் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. இங்கே அந்த மூன்றும் மூன்று தனித்தனிக் குமிழாக என் முன்னால் இருந்தன. இதை எந்தத் தியரி புத்தகமும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். என் அக்கா மகள் கீபோர்டு வகுப்பில் கிரேடு மேல் கிரேடாகத் தேறிக்கொண்டே போனாள். வீட்டில் சர்டிஃபிகேட் மாட்ட இடமில்லை. ஒரு நாள் ரேடியோவில் போன பாட்டுக்கு "ஸ எதுன்னு பிடி பார்ப்போம்" என்றேன். "அதெல்லாம் சிலபஸ்ல இல்ல சித்தி" என்றாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். தேர்வுக்குரிய உருப்படிகளையே வருஷம் முழுக்கத் தேய்த்துக் கட்டணம் வாங்குகிறவர்களைச் சொல்கிறேன். காதைத் தொடாமல் விரலை மட்டும் பழக்கி அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட வகுப்புகளில் இருந்துகொண்டுதான் மாடுலரைப் பொம்மை என்கிறார்கள்.

நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டுச் சமாச்சாரம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969லேயே அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மோக் மாடுலரை நிறுவி ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். நம் நாட்டுக்காரர்கள் சில ஆண்டுகள் அதில் வேலை செய்தார்கள். அங்கே பதிவான நாடாக்கள் பல பத்தாண்டுகள் கழித்து வெளியே வந்தன, தேடிக் கேளுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போதே பணம் போடாதீர்கள். விசிவி ராக் என்ற மென்பொருள் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ப்ளாட்ஸ் முதலான பல மாட்யூல்களின் மென்பொருள் வடிவம் அதிலேயே கிடைக்கும். இலவசப் பதிப்பு தனியாகத்தான் ஓடும், எஃப்எல் ஸ்டுடியோவுக்குள் ப்ளக்இன்னாகப் போட வேண்டுமென்றால் காசு கொடுத்து ப்ரோ வாங்க வேண்டும். ஒரு மாதம் அதில் உட்காருங்கள். முதல் வாரத்திலேயே "இதில் கார்டு எப்படிப் போடுவது, சேவ் பண்ணியதை எப்படி எடிட் பண்ணுவது" என்று தேட ஆரம்பித்தால் உங்கள் மனசு பாட்டில் இருக்கிறது. அதில் ஒன்றும் குறைவில்லை, ஒரே நேரத்தில் பல ஸ்வரம் தரும் ஒரு நல்ல பாலிஃபோனிக் சிந்த் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பேட்சை, அதாவது நீங்கள் போட்ட கேபிள் இணைப்பை, திரும்பத் திரும்பத் திறந்து கேபிள் மாற்றிக்கொண்டே இருந்தால் செமி மாடுலருக்குப் போங்கள். மதர்-32, பெஹ்ரிங்கர் க்ரேவ், மேக் நாய்ஸின் 0-கோஸ்ட், எதுவாக இருந்தாலும் சரி.

காலி கேஸ் வாங்குவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாட்யூலே பல சமயம் 150 முதல் 400 டாலர் வரை ஆகும், சுங்க வரி, கூரியர் எல்லாம் தனி. வாங்கும்போது பவர் சப்ளை எத்தனை மில்லிஆம்ப் தரும் என்று பார்த்து, மாட்யூல்கள் இழுக்கும் அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். பின்பக்கத்துப் பட்டைக் கேபிளில் சிவப்புக் கோடு இருக்கும், அது -12 வோல்ட் பக்கம். திருப்பிச் செருகினால் மாட்யூல் எரிந்துபோகலாம். மாடுலரின் ஒலி அளவு சாதாரணக் கருவிகளைவிட அதிகம் என்பதால் ஆடியோ இன்டர்ஃபேஸில் (ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் கருவி) நேராகச் செருகாமல் ஒரு அவுட்புட் மாட்யூல் வழியாகக் கொண்டு போங்கள். அனலாக் ஆசிலேட்டர் சூடு ஏறினால் சுருதி நகரும், நம் ஊர் மே மாதத்தில் நன்றாகவே தெரியும். ஆன் செய்து கொஞ்ச நேரம் விட்டு அப்புறம் சுருதி சேருங்கள்.

விசிவி ராக் இறக்கிவிட்டால் மேலே சொன்ன பேட்சை அப்படியே போட்டுப் பாருங்கள். மேத்ஸுக்குப் பதிலாக, வோல்டேஜைத் தாவ விடாமல் மெதுவாக்க ஒரு ஸ்லூ லிமிட்டரும், விசிஏவைத் திறக்க ஒரு என்வலப்பும் போதும். எங்கே சிக்குகிறது என்று கீழே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.