பாலிசி மாறினால் வேலை போய்விடுமா? மின்துறைக்குப் போக நினைக்கும் பெண்ணின் தாய்க்கு

கேள்வி: மகள் செகண்ட் பியுசி (பிளஸ் டூ) படிக்கிறாள். இஇஇ (எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்) எடுத்து மின்துறைக்குப் போகிறேன் என்கிறாள். அவள் அப்பாவோ, "கவர்மென்ட் ஒரு பாலிசியை மாத்தினா சோலார் கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிடும், பேசாம சிஎஸ் (கம்ப்யூட்டர் சயின்ஸ்) எடு" என்கிறார். யார் சொல்வது சரி? (ஒரு தாய், அல்சூர், பெங்களூரு)

அம்மா, உங்கள் வீட்டுக்காரரின் பயம் வெறும் பயமல்ல. மின்துறையில் ஆள் எடுப்பது பெரும்பாலும் அரசாணையில் உள்ள கடைசித் தேதியைப் பார்த்துத்தான் நடக்கிறது. கர்நாடகத்தில் 2018 மார்ச் 31-க்குள் மின்சாரம் கொடுக்கத் தொடங்கும் சோலார் திட்டங்களுக்கு வீலிங் கட்டணம் (அடுத்தவர் லைனில் மின்சாரம் கொண்டுபோகும் கட்டணம்) முதலானவற்றில் பத்தாண்டுச் சலுகை இருந்தது. மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரம் கொண்டுபோகும் கட்டணத்துக்கு 2025 ஜூன் 30-க்குள் இயங்கத் தொடங்கிய சோலார், காற்றாலைகளுக்கு முழு விலக்கு. அதற்குப் பின் வருபவர்களுக்கு அந்த விலக்கு ஆண்டுக்கு 25 சதவீதம் வீதம் படிப்படியாகக் குறைகிறது. இப்படி ஒரு தேதி நெருங்கும்போது சைட் இன்ஜினியர், டெஸ்டிங் ஆள் என்று வலைவீசித் தேடுவார்கள். தேதி தாண்டியதும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள்தான் முதலில் வெளியே.

தும்கூரு மாவட்டம் பாவகடா சோலார் பூங்காவை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 13,000 ஏக்கர், விவசாயிகளிடம் குத்தகைக்கு எடுத்த நிலம், 2,050 மெகாவாட். கட்டும்போது பெருங்கூட்டம் வேலை செய்தது. இப்போது அதை ஓட்ட அதில் சிறு பகுதி ஆட்கள் போதும். "சோலார் துறை வளர்கிறது" என்று விளம்பரம் செய்யும் கல்லூரிகள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

ஆனால் அதே அரசுக் கொள்கை இன்னொரு பக்கம் நிலையான வேலையை உண்டாக்குகிறது. பகிர்மான நிறுவனங்கள் தம் மின்சாரத்தில் எவ்வளவு பங்கை புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வாங்க வேண்டும் என்பதை மத்திய அரசு வரையறுத்திருக்கிறது. 2024-25-இல் 29.91 சதவீதம், 2029-30-இல் 43.33 சதவீதம். மேகம் வந்தால் குறைகிற, சாயங்காலம் நின்றுபோகிற மின்சாரம் இவ்வளவு வந்தால், அதைச் சமாளிக்க மின்தொடரமைப்பும் (கிரிட்) அதை இயக்கும் ஆட்களும் கூடத்தான் வேண்டும். உங்கள் மகள் குறிவைக்க வேண்டியது பேனல் பொருத்தும் பக்கத்தை அல்ல, இந்தப் பக்கத்தை.

இந்த வேலை எப்படி இருக்கும்? ஒரு நாளை 15 நிமிடத் துண்டுகளாக 96 பாகம் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை மெகாவாட் தருவோம் என்று ஆலை முன்கூட்டியே அட்டவணை கொடுக்க வேண்டும். 50 மெகாவாட் ஆலை பகல் 12 முதல் 12.15 வரை 42 தருவேன் என்று சொல்லிவிட்டு, மேகம் மறைத்து 30 மட்டும் தந்தால், சொன்னதிலிருந்து விலகியதற்கான விலகல் கட்டணம் விழும். கிரிட்டின் அலைவெண் 49.90-க்கும் 50.05 ஹெர்ட்சுக்கும் இடையே நிற்க வேண்டும் என்பதால்தான் இவ்வளவு கறார். பிழை எப்போதும் வானிலையால் மட்டும் வருவதில்லை. சில சமயம், இரண்டு இன்வெர்ட்டர் (பேனலின் டிசி மின்சாரத்தை ஏசி ஆக்கும் கருவி) பழுதுபார்ப்பில் இருப்பதை சைட்டில் உள்ளவர் அட்டவணை போடுபவரிடம் சொல்லியிருக்க மாட்டார். அல்லது மீட்டரின் கடிகாரம் பிசகி, யூனிட்டுகள் அடுத்த துண்டில் போய் ஏறியிருக்கும். விலகல் கட்டண விதியை மத்திய ஒழுங்குமுறை ஆணையம் அவ்வப்போது மாற்றுகிறது. மாற்றும்போதெல்லாம் கணக்கை மறுபடி போட ஆள் தேவைப்படுகிறதே தவிர, இருப்பவர் வேலை போவதில்லை.

இதற்குப் பெங்களூரு நல்ல ஊர். தென் மாநிலங்களின் கிரிட்டை ஒருங்கிணைக்கும் தென்மண்டல மின்சுமை பகிர்வு மையம் ரேஸ் கோர்ஸ் பக்கம் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்ச்கியர் சோதிக்கும் மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம் (சிபிஆர்ஐ) சதாசிவநகர் அருகே. பனசங்கரியில் தேசிய மின் பயிற்சி நிறுவனத்தின் (என்பிடிஐ) மையம். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னகம் நாட்டின் ஒரே கிரிட்டில் சேர்ந்தது. அதற்குப் பிறகு எங்கோ ராஜஸ்தானில் நடப்பதும் இங்குள்ளவர்களுக்கு வேலை வைக்கிறது.

படிப்பில் பவர் சிஸ்டம் அனாலிசிஸ், புரொடெக்‌ஷன், பவர் எலக்ட்ரானிக்ஸ் மூன்றையும் விடக்கூடாது. பைத்தானில் பாண்டாபவர் என்ற இலவச நூலகம் உண்டு. மூன்றாம் ஆண்டுக்குள் அதில் ஐஇஇஇ 14 பஸ் மாதிரியை (14 இணைப்பு முனைகள் கொண்ட சோதனை கிரிட்) ஓட்டி, ஒரு லைனை எடுத்துவிட்டால் எந்த லைனில் சுமை ஏறுகிறது என்று சொல்லத் தெரிந்தால், இன்டர்வியூவில் பத்து சர்டிபிகேட்டைவிட அது பேசும்.

பொதுத்துறைக்குப் போவதென்றால் கேட் (GATE) தேர்வு. மதிப்பெண் மூன்றாண்டு செல்லும் என்று நம்பி ஏமாறுபவர்கள் நிறைய. பவர்கிரிட், என்டிபிசி போன்றவை அறிவிப்பில் குறிப்பிடும் ஆண்டின் மதிப்பெண்ணைத்தான் கேட்கும். மின் நிறுவனங்களின் மருத்துவப் பரிசோதனையில் நிறக்குருடு இருந்தால் நிராகரிக்க வாய்ப்பு அதிகம். கண் டாக்டரிடம் இப்போதே ஒரு சோதனை செய்துவிடுங்கள். அடுத்தது, நம் வீடுகளில் யாரும் கவனிக்காத மொழி விஷயம். கர்நாடக அரசின் மின் நிறுவனங்களான கேபிடிசிஎல், பெஸ்காம் வேலைக்கு, எஸ்எஸ்எல்சியில் கன்னடம் படிக்காதவர்கள் பொதுவாகக் கன்னடத் தேர்வில் தேற வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பணிக்கோ தமிழ்த் தகுதித் தாள், குறைந்தது 40 சதவீதம். வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இந்தியோ சமஸ்கிருதமோ எடுத்த பிள்ளைகள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறார்கள். எதில் பலவீனமோ அதை இந்த விடுமுறையிலேயே எழுதப் படிக்கப் பழக்குங்கள்.

பிற்பாடு தனியார் கம்பெனி ஆஃபர் வந்தால், சம்பளத்துக்கு முன் மூன்று கேள்வி. அந்தத் திட்டத்துக்கு மின் கொள்முதல் ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டதா? நிலம் கையில் இருக்கிறதா? கிரிட் இணைப்பு அனுமதி எந்த சப்ஸ்டேஷனில், எந்தத் தேதிக்கு? டெண்டரில் ஜெயித்தும், வாங்க மாநிலம் முன்வராமல் கிடக்கும் திட்டங்கள் உண்டு. எச்ஆருக்குப் பதில் தெரியாது; இன்டர்வியூ எடுக்கும் இன்ஜினியரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேசிஇடி (கர்நாடக நுழைவுத் தேர்வு) ஆப்ஷன் எண்ட்ரியில், அதாவது கல்லூரி விருப்ப வரிசை தரும்போது, பேர் தெரியாத கல்லூரியின் சிஎஸ்ஸுக்கு மேலே பெங்களூரு யுவிசிஇ மாதிரி நல்ல கல்லூரிகளின் எலக்ட்ரிகல் பிரிவை வைக்கலாம். மூன்றாம் ஆண்டில் மனம் மாறி சாஃப்ட்வேர் பக்கம் போக விரும்பினாலும் இஇஇ படித்தவருக்கு வழி இருக்கிறது. மின் நிறுவனங்களின் எலக்ட்ரிகல் இன்ஜினியர் பணியிடத்துக்கு சிஎஸ் படித்தவர் விண்ணப்பமே போட முடியாது. இதை அவள் அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.