களைக்கும் அதே பூஞ்சைதான்: வாசகர் கேள்விகள்

செடி வளரவே மாட்டேன் என்கிறது. எந்தப் பூஞ்சையைப் போடலாம்?

எந்தச் செடி? தொட்டியிலா, தரையிலா? தண்ணீர் தேங்குமா? எதையும் சொல்லாமல் மருந்து மட்டும் கேட்டால் நான் என்ன சோசியமா பார்க்கிறேன்? ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை அலசிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பிடுங்காதீர்கள். பிடுங்கினால் பார்க்க வேண்டிய மெல்லிய வேரெல்லாம் மண்ணிலேயே நின்றுவிடும்.

தொட்டி மண்ணில் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. இதுதான் மைக்கோரைசாவா?

பெரும்பாலும் இல்லை. அது அரைகுறையாக மக்கிய உரத்தைத் தின்ன வந்த பூஞ்சை. மேல் மண்ணைக் கிளறிவிட்டுத் தண்ணீரைக் குறையுங்கள், போதும். மைக்கோரைசா என்பது வேரோடு கூட்டு சேர்ந்து வாழும் பூஞ்சை. அதில் பயிர்களின் வேரோடு சேரும் வகையான வேர் உட்பூசணத்தின் இழை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான் இருக்கும், அதுவும் தடித்த இழை. வெறும் கண்ணுக்குத் தெரியாது.

வேம் (வேர் உட்பூசணம்) பாக்கெட்டைச் சர்க்கரைக் கரைசலில் ஒரு வாரம் ஊறவைத்துப் பெருக்கி ஊற்றினேன். நன்றாக நுரைத்தது. இப்படி எத்தனை முறை பெருக்கலாம்?

ஒரு முறைகூட முடியாது. எத்தனை தடவை எழுதுவது என்றே தெரியவில்லை, இந்தக் கேள்வி மட்டும் வராத வாரமே கிடையாது.

நுரைத்தது ஈஸ்டும் பாக்டீரியாவும். வேர் உட்பூசணம் உயிருள்ள வேருக்குள் நுழைந்தால்தான் வளரும். தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைக்கூட அது சொந்தமாகத் தயாரிப்பதில்லை, செடியிடம்தான் வாங்குகிறது என்று 2017ல் தெளிவாகிவிட்டது. அப்படிப்பட்டதைச் சர்க்கரைத் தண்ணீரில் போட்டால் அது எதைக் கொண்டு பெருகும்? அதைத் தயாரிப்பவர்கள் மக்காச்சோளம் போன்ற ஒரு செடியைத் தொற்று நீக்கிய வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளில் வளர்த்து, இரண்டு மூன்று மாதம் காத்திருந்து, வேரையும் ஊடகத்தையும் சேர்த்து நறுக்கிக் கலந்து தருகிறார்கள். நோய்ப் பூஞ்சைகளை அடக்கப் போடும் டிரைக்கோடெர்மாவின் கதை வேறு, அது செத்த பொருளைத் தின்று வாழக்கூடியது, ஆகவே பாத்திரத்தில் வளரும். இரண்டும் பூஞ்சைதானே என்று ஒரே வாளியில் போடுகிறார்கள்.

ஒரு நண்பர் இந்தக் கரைசலை ஊற்றிய நாற்றுகளையும் ஊற்றாத நாற்றுகளையும் எடுத்துக்கொண்டு வந்தார், வித்தியாசத்தை நீங்களே பாருங்கள் என்று. பார்த்தோம். வேரைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்தால் அது கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அலசிவிட்டு, பேனா மை கலந்த வினிகரில் மூன்று நிமிடம் கொதிக்கவிட்டால் பூஞ்சை மட்டும் நீலமாக நிற்கும். நுண்ணோக்கியில் பல செல்களுக்குள்ளே குட்டி மரம் கிளைத்த மாதிரி இருக்கும், செடியும் பூஞ்சையும் பண்டமாற்று செய்கிற இடம் அது. ஊற்றிய வேரிலும் அந்த மரங்கள் இருந்தன, ஊற்றாததிலும் ஏறக்குறைய அதே அளவு. அவர் மண்ணில் ஏற்கெனவே இருந்த பூஞ்சை, யாரையும் கேட்காமல் தன் வேலையைச் செய்திருந்தது. நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வாங்கித்தான் போடுவேன் என்றால் நாற்றங்காலில், விதைக்கு அடியில், வேர் போய்த் தொடும் இடத்தில் போடுங்கள். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தை அள்ளிக் கொட்டிவிட்டு அதன்மேல் போடாதீர்கள். பூஞ்சை கொண்டுவந்து தருவது மணிச்சத்தைத்தான், அது தாராளமாகக் கிடைக்கும்போது செடி பூஞ்சையை அவ்வளவாக உள்ளே விடாது. தான் உண்டாக்கும் சர்க்கரையில் பத்தில் ஒரு பங்கை, சில சமயம் ஐந்தில் ஒரு பங்கைக்கூட, அது ஏன் வீணாகக் கொடுக்க வேண்டும்?

முட்டைக்கோசுக்கு வேம் போட்டேன், பலனே இல்லை.

இருக்காது. கடுகுக் குடும்பம் இந்தப் பூஞ்சையோடு சேராது. பீட்ரூட்டும் அப்படித்தான். பாக்கெட்டைப் பிரிக்கும் முன் செடியின் குடும்பத்தைப் பாருங்கள்.

மண்ணில் நல்ல பூஞ்சை பெருகினால் களை தானாக அடங்கும் என்கிறார்களே?

யார் சொன்னது? பூஞ்சைக்குப் பயிர், களை என்ற பேதமெல்லாம் கிடையாது, சர்க்கரை கொடுப்பவருக்கு மணிச்சத்து கொடுக்கும், அவ்வளவுதான். அமெரிக்கப் புல்வெளிகளைப் பிடித்துக்கொண்ட சென்டோரியா என்ற களையை அந்த ஊர்ப் புல்லோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள், 1999ல் வெளிவந்த ஆய்வு. மண்ணில் வேர் உட்பூசணம் இருந்தபோது களைதான் கொழுத்தது. பைன் மரங்கள் இன்னொரு பாடம்: தென் அரைக்கோளத்தில் பல இடங்களில் முதலில் நட்டவை தேறவே இல்லை, அவற்றுக்கு ஏற்ற பூஞ்சை வந்து சேர்ந்த பிறகோ நட்ட இடத்தைத் தாண்டிப் பரவ ஆரம்பித்தன.

நேர் எதிரான களையும் உண்டு. பூண்டு வாசம் அடிக்கும் அல்லியாரியா, கடுகுக் குடும்பத்துக்காரி, தனக்குப் பூஞ்சை தேவையில்லாததால் மண்ணில் இருக்கிற பூஞ்சையையே தன் வேதிப்பொருளால் ஒடுக்குகிறது. அதை நம்பியிருந்த வட அமெரிக்கக் காட்டு மரக் கன்றுகள் நோஞ்சானாகின்றன. இது 2006ல் வந்தது. எந்தக் களை என்று தெரியாமல் "பூஞ்சை நல்லதா கெட்டதா" என்று கேட்டால் பதில் கிடையாது.

குரோமோலீனா என்ற களையை வெட்டி அகற்றிய இடத்தில் வேறு எதுவும் சரியாக முளைக்கவில்லை. ஏன்?

காரணம் மண்ணிலேயே தங்கியிருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதியில் செய்து 2008ல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் களையின் வேரடி மண்ணில் ஃபியூசேரியம் பூஞ்சையின் வித்துகள் மிக அதிகமாகச் சேர்ந்திருந்தன. அது களையை அதிகம் படுத்துவதில்லை, பக்கத்துச் செடிகளை அடிக்கிறது. வெட்டினால் தண்டுதான் போகும். நான் செய்வது, முதல் பருவத்தில் சிக்கனமாக நாலைந்து வகைச் செடிகளை நட்டுப் பார்ப்பது, எது தாக்குப்பிடிக்கிறதோ அதைப் பெருக்குவது.

டிரைக்கோடெர்மாவையும் கார்பென்டாசிமையும் ஒன்றாகக் கலந்து ஊற்றலாமா?

காசு கொடுத்து வாங்கிய பூஞ்சையைப் பூஞ்சைக்கொல்லியில் முக்குவீர்களா? இடையில் இரண்டு மூன்று வாரமாவது விடுங்கள்.

மரங்கள் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்கின்றனவாமே?

கேட்க அழகாக இருக்கிறது. 2023ல் இந்த ஆய்வுகளை அலசியவர்கள், காட்டில் அதற்கான சான்று சொல்லப்படும் அளவுக்கு இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

புகையிலைக் காளானுக்கு எந்தப் பூஞ்சைக்கொல்லி அடிக்கலாம்?

எதையும் அடிக்காதீர்கள். பெயரில்தான் காளான், அது பச்சையமில்லாத ஒட்டுண்ணிச் செடி, பூத்து விதை விடும். சோளத்தில் வரும் சுடுமல்லியும் இதே மாதிரி வேரை உறிஞ்சும் ஜாதி. பயிரின் வேர், பூஞ்சையைக் கூப்பிட ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளைக் கசியவிடுகிறது, இந்தக் களைகளின் விதைகள் அதை ஒட்டுக்கேட்டு முளைக்கின்றன. இந்தப் பொருளை 1966லேயே களை விதையை முளைக்க வைப்பது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். செடி அதைப் பூஞ்சைக்காகத்தான் விடுகிறது என்பது புரிய 2005 ஆயிற்று, கிட்டத்தட்ட நாற்பது வருடம்! பூஞ்சை வேரில் குடியேறிவிட்டால் கசிவு குறையும், சோளத்தில் சுடுமல்லியும் குறைவதைப் பார்த்திருக்கிறார்கள், குறையும் என்றுதான் சொன்னேன், ஒழியும் என்று அல்ல. உங்கள் புகையிலைக் காளானைப் பூ திறக்கும் முன் பிடுங்கி எடுங்கள், ஒரு செடி பல்லாயிரம் விதை விடும், அவை மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். பிடுங்கியதை வரப்பில் போடாமல் எரித்துவிடுங்கள்.